அடித்தண்ணீர் கடைசியாக எப்போது காற்றைத் தொட்டது? ஆழமான ஏரியில் வெப்பநிலையும் கலப்பும் அளப்பது எப்படி

ஜெனீவா ஏரியில் ஆகஸ்டில் குளிக்க இறங்கினால் தண்ணீர் 23, 24 டிகிரியில் இதமாக இருக்கும். அதே நாளில் 309 மீட்டர் ஆழத்தில், ஏரியின் அடியில், வெப்பநிலை 6 டிகிரியை ஒட்டியே நிற்கும். பிப்ரவரியில் மேற்பரப்பு 7 டிகிரிக்கு இறங்கிய பிறகும் அடியில் இருக்கும் எண் அநேகமாக அதேதான். இரண்டாவது தசம இடத்தைப் பார்த்தால்தான் ஏதோ நகர்வது தெரியும்.

அசையாமல் கிடக்கும் ஓர் எண்ணை ஆண்டு முழுக்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஏன் அளக்க வேண்டும்? அது அசையும் அந்த ஒன்றிரண்டு நாட்களுக்காகத்தான். அன்றுதான் மேல்தண்ணீர் கீழே போய்ச் சேர்கிறது. ஆக்சிஜனும் அதோடுதான் போகிறது.

நம் பக்கத்தில் ஏரி என்று சொன்னதும் மனதில் வருவது வேறொன்று. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 24 அடி. அந்த ஆழத்துக்கு ஒரு குளிர்ந்த இரவும் கொஞ்சம் காற்றும் போதும், மேலும் கீழும் புரண்டுவிடும். ஜெனீவா ஏரியின் ஆழம் ஆயிரம் அடிக்கு மேல். அங்கே சில ஆண்டுகளில் கலப்பு அடிவரை போகும், பல ஆண்டுகளில் பாதி வழியிலேயே நின்றுவிடும். முழுமையாகக் கலந்ததாகப் பதிவான கடைசிக் குளிர்காலம் 2012. பத்தாண்டுகளுக்கும் மேலாக அடித்தண்ணீர் முழுக் கலப்பைப் பார்க்கவில்லை.

தண்ணீரின் எடை

எல்லாம் அடர்த்தியில் தொடங்குகிறது. நன்னீர் 4 டிகிரிக்கு அருகில்தான் மிகக் கனமாக இருக்கும், ஒரு கன மீட்டருக்கு 999.97 கிலோ. 20 டிகிரியில் 998.2 கிலோ. வித்தியாசம் இரண்டு கிலோகூட இல்லை என்று தோன்றும். ஆனால் சூடான தண்ணீரைக் குளிர்ந்த தண்ணீரின் மேல் மூடிபோல் நிறுத்தி வைக்க அது தாராளம். கோடையில் வெயில் மேலே உள்ள பத்துப் பதினைந்து மீட்டரைச் சூடாக்குகிறது, காற்று அந்த அடுக்கை மட்டும் கலக்குகிறது. அதற்குக் கீழே சில மீட்டருக்குள் வெப்பநிலை சரசரவென்று இறங்கும். அந்தப் பகுதிக்குத் தெர்மோக்ளைன் என்று பெயர். அதையும் தாண்டிக் கீழே இருப்பது ஆழ்நீர். ஜெனீவா ஏரியின் பெரும்பகுதி அதுதான்.

புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. ஒரு டிகிரி வித்தியாசத்தின் மதிப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 20 டிகிரியிலிருந்து 21க்குப் போனால் அடர்த்தி கன மீட்டருக்கு 0.21 கிலோ குறைகிறது. 5லிருந்து 6க்குப் போனால் 0.024 கிலோதான், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. எனவே குளிர்ந்த ஆழ்நீரில் அடுக்குகளைப் பிரித்து வைத்திருக்கும் தடுப்பு மிக மெல்லியது. அதே காரணத்தால் அதை அளப்பதும் கடினம். 100 மீட்டருக்கும் 300 மீட்டருக்கும் இடையே மொத்த வித்தியாசமே பத்தில் சில பங்கு டிகிரியாக இருக்கலாம். 0.2 டிகிரி பிழையுள்ள மலிவு விலைக் கருவியை அங்கே இறக்கினால் கிடைப்பது கருவியின் பிழையைப் பற்றிய தகவல்தான்.

இன்னொரு சிக்கல் உப்பு. கரைந்த உப்பு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கூடினால், அடர்த்தியில் அதன் விளைவு இந்தக் குளிர்ந்த நீரில் 0.02 முதல் 0.03 டிகிரி குளிர்வுக்குச் சமம். ஆழ்நீரில் அடியிலிருந்து வரும் கரைபொருட்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஆகையால் மேலும் கீழும் வெப்பநிலை சமமானாலும் அடித்தண்ணீர் உப்பின் பலத்தில் இன்னும் கனமாகவே இருக்கலாம். வெப்பமானியோடு மின்கடத்துத் திறனையும் அளப்பது இதற்காகத்தான்.

கலப்பு எந்தெந்த வழியில் வருகிறது

எளிய வழி குளிர்ச்சி. அக்டோபரிலிருந்து மேற்பரப்பு வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்த தண்ணீர் கனமாகி இறங்குகிறது, அதனிடத்துக்குக் கீழிருந்து சற்றுச் சூடான தண்ணீர் ஏறுகிறது. கலந்த அடுக்கு வாரத்துக்கு வாரம் தடிமனாகும். பிப்ரவரி இறுதி, மார்ச் தொடக்கத்தில் அது உச்ச ஆழத்தைத் தொடும். கடுங்குளிர் நீடித்தால் அடிவரை, மிதமான குளிர்காலமென்றால் 100 அல்லது 200 மீட்டரோடு சரி.

அடித்தண்ணீருக்குப் போக நடுவழியாக இறங்குவதைத் தவிர வேறு பாதைகளும் உண்டு. கரையோரத்தில் ஆழம் குறைவு, அதனால் அங்கே தண்ணீர் நடு ஏரியைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். அந்தக் கனத்த தண்ணீர் சரிவைப் பிடித்துக்கொண்டு மெல்லிய போர்வைபோல் கீழே வழுக்கிச் செல்லும். ரோன் ஆறும் இப்படித்தான். பனியாறுகள் உருகிய, வண்டல் நிறைந்த அதன் நீர் ஏரிக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு மறைந்துவிடும். தன் கனத்துக்கு ஏற்ற ஆழம்வரை மூழ்கிப் போகும், பெருவெள்ளத்தில் அடிவரையும் போகும். ஏரித்தரையில் அது வகுத்துக்கொண்ட ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது. ஏரியியலைத் தனித் துறையாக நிறுவிய பிரான்சுவா அல்ஃபோன்ஸ் ஃபொரெல் (1841–1912) இதே ஏரியின் கரையில் மோர்ஜ் என்ற ஊரில் பிறந்தவர். அந்தப் பள்ளத்தாக்கை ரோனின் குளிர்நீர் ஓட்டத்தோடு இணைத்து விளக்கியவரும் அவரே.

மூன்றாவது, காற்று. வடகிழக்கிலிருந்து வீசும் 'பீஸ்' என்ற குளிர்காற்று நாட்கணக்கில் அடித்தால் மேல்தண்ணீர் ஒரு கரையில் குவியும். எதிர்க்கரையில் ஆழ்நீர் மேலெழும். காற்று நின்றதும் தெர்மோக்ளைன் ஊஞ்சல்போல் ஆடத் தொடங்கும். இதற்கு உள்ளலை என்று பெயர். ஏரியின் மேற்பரப்பே தட்டில் வைத்த தண்ணீர்போல் தளும்புவதும் உண்டு, அதன் காலம் ஜெனீவா ஏரியில் 73 நிமிடம் அளவு. உள்ளலைக்கோ நாட்கணக்கு ஆகும். இந்த உள்ளலை தரவைப் படிப்பவரை எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பின்னால் வருவோம்.

இதெல்லாம் யாருக்கு முக்கியம்? ஏறத்தாழ 9 லட்சம் பேர் இந்த ஏரியின் நீரைக் குடிக்கிறார்கள். ஜெனீவா நகரின் கட்டடங்களைக் குளிர்விக்க 45 மீட்டர் ஆழத்திலிருந்து நீரெடுக்கும் அமைப்பும் இருக்கிறது. மேலிருந்து விழும் பாசி அடியில் மட்கும்போது ஆக்சிஜன் செலவாகும். கலப்பு வராவிட்டால் அதை ஈடுகட்ட ஆளில்லை. ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸ் கரைந்து வெளிவரும். 1970களின் இறுதியில் லிட்டருக்கு 90 மைக்ரோகிராம்வரை ஏறிய பாஸ்பரஸை, சலவைத்தூள் கட்டுப்பாடும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் கொண்டு 20க்குக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அந்த உழைப்பைச் சேறு பின்வாசல் வழியாகக் கெடுத்துவிடக் கூடாது. சுவிஸ் விதிப்படி ஏரியின் எந்த ஆழத்திலும் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. முழுக் கலப்பு இல்லாத நீண்ட இடைவெளிகளில் இந்த எல்லை அடியில் தாண்டப்படுகிறது.

ரம்பப் பற்கள்

அடித்தண்ணீரின் வெப்பநிலையைப் பல ஆண்டுகளுக்கு வரைந்தால் ரம்பத்தின் பல்லைப்போல் ஒரு கோடு வரும். கலப்பு வராத ஆண்டுகளில் மெதுவாக ஏறும், ஒரு கடுங்குளிர்காலத்தில் சடாரென்று விழும், மறுபடி ஏறத் தொடங்கும். ஏறுவதற்குக் காரணம் மேலிருந்து மெல்லக் கசியும் வெப்பம், கூடவே பூமியின் உள்வெப்பம். பின்னதின் பங்கு சிறியது. சதுர மீட்டருக்கு 0.1 வாட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 100 மீட்டர் உயரத் தண்ணீர்க் கம்பத்தை ஆண்டுக்கு 0.01 டிகிரிக்கும் குறைவாகவே சூடாக்கும். ஏற்றம் அதைவிடப் பெரிதாக இருந்தால் வெப்பம் மேலிருந்து வருகிறது என்று பொருள்.

பல்லின் கூர்முனை விழும் நாளைப் பிடிப்பதுதான் கண்காணிப்பின் வேலை. வெப்பம் விழும்போது ஆக்சிஜன் ஏற வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் கலப்பு என்று எழுதலாம். ஒன்று மட்டும் நடந்தால் பேனாவை மூடிவிட்டுக் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் பல் பழைய அடிமட்டத்துக்கே திரும்பினால் கவலையில்லை. ஜெனீவா ஏரியில் அப்படித் திரும்பவில்லை. 1970களோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு ஏறத்தாழ 2 டிகிரியும் ஆழ்நீர் ஏறத்தாழ 1 டிகிரியும் சூடாகியிருக்கின்றன. மேற்பரப்பு வேகமாகச் சூடாவதால் மூடி இன்னும் இறுகுகிறது.

இரண்டு வழி: இறக்கி ஏற்றுவது, தொங்கவிடுவது

18ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ்-பெனெடிக்ட் டி சசூர் இந்த ஆழத்தை அளக்க முயன்றபோது அவருக்கு இருந்த தொல்லை எளிதில் புரியும். அடியில் காட்டிய எண், வெப்பமானியை மேலே இழுப்பதற்குள் மாறிவிடும். மெழுகும் மரமும் கொண்டு வெப்பமானியைப் போர்த்தி மந்தமாக்கினார், மணிக்கணக்கில் அடியிலேயே விட்டு எடுத்தார். மந்தமான கருவி மெதுவாக மாறும், அதனால் மேலே வரும்வரை அடியின் எண்ணைச் சுமந்திருக்கும். பின்னாளில் தலைகீழாகப் புரட்டினால் பாதரசம் துண்டாகி நின்றுவிடும் வெப்பமானி வந்தது. இப்போது அந்த வேலையை சி.டி.டி. என்ற கருவி செய்கிறது. மின்கடத்துத் திறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் வினாடிக்குப் பலமுறை பதியும்.

படகிலிருந்து சி.டி.டி. இறக்குவதில் செய்முறை இதுதான். நீருக்குள் அமிழ்த்தி ஓரிரு மீட்டர் ஆழத்தில் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். கருவியின் உடல் தண்ணீரின் வெப்பத்துக்கு வர வேண்டும், குழாய்களில் சிக்கிய காற்றுக்குமிழி வெளியேற வேண்டும். பிறகு மேற்பரப்பருகே மீண்டும் உயர்த்தி, வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நிறுத்தாமல் இறக்குங்கள். 300 மீட்டருக்குப் பத்து நிமிடம். வேகம் கூடினால் வெப்ப உணரியும் மின்கடத்து உணரியும் வெவ்வேறு தாமதத்தில் பதில் சொல்லும், கணக்கிட்ட உப்பளவில் ஊசிமுனைகள் தெறிக்கும். இறங்கும்போது பதிந்ததை மட்டும் பயன்படுத்துங்கள். ஏறும்போது கருவி தன் உடலால் கலக்கிய தண்ணீரைத்தான் அளக்கிறது. அடியிலிருந்து இரண்டு மீட்டர் மேலேயே நிறுத்திவிடுங்கள். சேற்றில் குத்தினால் மின்கடத்துக் குழாய் அடைத்துக்கொள்ளும், அன்றைய வேலை அதோடு முடிந்தது. காற்றில் படகு நகர்ந்தால் கயிறு சாயும், எனவே கயிற்றின் நீளத்தை ஆழமென்று எழுதாமல் அழுத்த உணரி சொல்வதை எழுதுங்கள்.

லோசானுக்கும் எவியானுக்கும் இடையே, ஏரியின் நடுவில், எஸ்.எச்.எல்.2 என்ற அளவிடத்தில் 1957இலிருந்து இப்படி மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை அளந்து வருகிறார்கள். அத்தனை நீண்ட தொடர் உலகில் அதிக ஏரிகளுக்கு வாய்க்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் படம் இரண்டு நாள் நடந்த கலப்பைத் தவறவிடும். அதற்குத்தான் இரண்டாவது வழி, ஒரே கயிற்றில் பல வெப்ப உணரிகளைக் கட்டி ஆண்டு முழுக்க தண்ணீரில் தொங்கவிடும் உணரிச் சரம்.

சரத்தைக் கட்டுவது

அடியில் நங்கூரம், மேலே நீருக்குள் மூழ்கிய மிதவை, நடுவே இழுபட்டு நிற்கும் கயிறு. கேட்க எளிது. எடைக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

மிதவையின் தூக்குவிசை 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நங்கூரத்தின் எடை நீருக்குள் அதைப்போல் இரண்டரை மடங்கு, 250 கிலோ இருக்கட்டும். கான்கிரீட் நீருக்குள் தன் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் இழந்துவிடும், ஆகையால் கரையில் 430 கிலோ கட்டி வேண்டும். இரும்பு இழப்பது 13 விழுக்காடுதான், 290 கிலோ போதும். பழைய ரயில் சக்கரத்தை நங்கூரமாகப் பயன்படுத்துவது உலகெங்கும் வழக்கம். மலிவு, உருளை வடிவம், நடுவில் துளை வேறு இருக்கிறது.

கயிறு நைலானாக இருக்க வேண்டாம், அது நீளும். 300 மீட்டரில் இரண்டு விழுக்காடு நீண்டால் மேல் உணரி ஆறு மீட்டர் இடம் மாறிவிடும். நீளாத டைனீமா அல்லது முன்கூட்டியே இழுத்துப் பதப்படுத்திய பாலியெஸ்டர் நல்லது. உணரி கட்டும் இடங்களை, கயிறு வேலைப்பளுவில் இழுபட்ட நிலையில் அளந்து குறியிட வேண்டும். தரையில் தளர்வாகக் கிடக்கும் கயிற்றை அளந்தால் எல்லா ஆழமும் தப்பு. எஃகு ஷேக்கிளையும் (கயிற்றை மாட்டும், பின் போட்டுப் பூட்டும் இணைப்பு வளையம்) வேறு உலோக வளையத்தையும் நேரடியாக மாட்டாதீர்கள், நன்னீரிலும் மின்வேதி அரிப்பு உண்டு. நடுவில் பிளாஸ்டிக் புஷ் ஒன்று போடுங்கள். ஷேக்கிளின் பின்னைக் கம்பியால் கட்டிப் பூட்டாமல் விட்டால், அதிர்ந்து அதிர்ந்து ஒருநாள் தானே கழன்றுகொள்ளும். சரங்கள் தொலைந்துபோவதற்கு அலங்காரமில்லாத காரணம் பெரும்பாலும் இதுதான்.

மேல் மிதவை நீர்மட்டத்துக்கு 10 முதல் 15 மீட்டர் கீழே நிற்கட்டும். படகுகள் மோதாது, அலை உலுக்காது, ஆர்வக்கோளாறில் யாரும் இழுத்துப் பார்க்கவும் மாட்டார்கள். அதற்கு மேலுள்ள அடுக்கைத் தனி மிதவையில் அளக்கலாம். ஜெனீவா ஏரியில் 2019இலிருந்து புய்யி அருகே 110 மீட்டர் ஆழத்துக்கு மேல் 'லெக்ஸ்ப்ளோர்' என்ற 10 மீட்டர்க்கு 10 மீட்டர் மிதக்கும் ஆய்வு மேடை நிற்கிறது. மேலடுக்கை விடாமல் அளக்க அப்படியொரு மேடை பெரிய வசதி. அடியாழத்துக்கு அது உதவாது, அதற்கு ஏரியின் ஆழமான நடுப்பகுதிக்கே போக வேண்டும்.

உணரிகளைச் சம இடைவெளியில் கட்டுவது அழகாக இருக்கும், பயன்படாது. தெர்மோக்ளைன் நகரும் 5 முதல் 40 மீட்டர்வரை ஒன்றிரண்டு மீட்டருக்கு ஒன்று. அங்கிருந்து 100 மீட்டர்வரை பத்து மீட்டருக்கு ஒன்று. 100க்குக் கீழே 25 அல்லது 50 மீட்டருக்கு ஒன்று. கடைசி 20 மீட்டரில் மறுபடி நெருக்கமாக, தரையிலிருந்து 1, 2, 5, 10, 20 மீட்டர் உயரத்தில். கரைச்சரிவில் வழுக்கி வரும் குளிர்நீர்ப் போர்வை சில மீட்டர் தடிமனே இருக்கலாம். கடைசி உணரி அடியிலிருந்து 30 மீட்டர் மேலே இருந்தால் அது வந்து போனதே தெரியாது.

அழுத்த உணரி குறைந்தது இரண்டு, மேலொன்று நடுவிலொன்று. நீரோட்டத்தில் கயிறு 10 டிகிரி சாய்ந்தால் 300 மீட்டர்ச் சரத்தின் தலை நாலரை மீட்டர் தாழும். தெர்மோக்ளைனில் மீட்டருக்கு ஒரு டிகிரி மாறும் இடத்தில் அது நாலரை டிகிரிப் பிழை. வெப்பம் மாறியதாக நினைத்து ஒரு கட்டுரையே எழுதிவிடலாம்.

திரும்ப எடுக்க ஒலிவழி விடுவிப்பான் வேண்டும். படகிலிருந்து சங்கேத ஒலி அனுப்பினால் கொக்கி திறந்து, நங்கூரத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் மிதந்து வரும். விலை அதிகம். மாற்று வழி, நங்கூரத்திலிருந்து தரையோடு 300, 400 மீட்டர் கயிறு ஓட்டி இரண்டாவது நங்கூரத்தில் கட்டி, பின்னர் பாதாளக் கரண்டிபோன்ற கொக்கியால் துழாவி அந்தக் கயிற்றைப் பிடிப்பது. கிணற்றில் விழுந்த வாளியை எடுத்துப் பழகியவருக்கு இதன் பொறுமை புரியும். இரு நங்கூரங்களின் ஜி.பி.எஸ். இடத்தையும் இறக்கிய கணத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவு இடைவெளிக்கு ஒரு கணக்கு. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 52,560 பதிவு. ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்றால் 5,25,600. தெர்மோக்ளைனில் தண்ணீர் சில நிமிடத்துக்குள்ளேயே ஏறி இறங்கும், அங்கே நிமிடத்துக்கு ஒன்று நியாயம். 200 மீட்டருக்குக் கீழே பத்து நிமிடம் போதும், பேட்டரி மிஞ்சும். குளிர்ந்த நீரில் பேட்டரி கொள்ளளவு குறையும் என்பதால் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுளில் கால்பங்கைக் கழித்துக்கொள்வது நல்லது. 310 மீட்டரில் அழுத்தம் 31 பார், கருவியின் உறை 500 மீட்டருக்கு ஏற்றதாக இருக்கட்டும். மூடும்போது ஓ-ரிங்கில் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பளபளப்பு அளவுக்குத்தான். அள்ளிப் பூசினால் அதில் ஒரு தலைமுடியோ மணலோ ஒட்டி, அதன் வழியாகவே தண்ணீர் உள்ளே போகும்.

எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள், கோடைக்கால நேர மாற்றமெல்லாம் வேண்டாம், கிரீன்விச் நேரமே போதும். கருவிக் கடிகாரங்கள் ஆண்டில் பல நிமிடம் விலகும். இதற்கொரு பழைய தந்திரம்: இறக்குவதற்கு முன்பும் எடுத்த பின்பும் எல்லா உணரிகளையும் ஒரே பனிக்கட்டி வாளியில் முக்கி, முக்கிய நேரத்தை எழுதி வையுங்கள். தரவில் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஒரு பள்ளம் விழும். பள்ளங்கள் பொருந்தாவிட்டால் எந்தக் கடிகாரம் எவ்வளவு விலகியது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒப்புச் சரிபார்ப்பு

பணம் குறைவாக இருந்தால் உணரியின் எண்ணிக்கையைக் குறையுங்கள், சரிபார்ப்பைக் குறைக்காதீர்கள். விளம்பரத் தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய மாற்றம். மற்றது, காட்டும் எண் உண்மைக்கு எவ்வளவு அருகில் என்பது. 0.001 டிகிரிவரை மாற்றம் காட்டும் கருவி 0.2 டிகிரி தப்பாகவும் இருக்கலாம். ஆழ்நீருக்குத் தேவை 0.002 முதல் 0.005 டிகிரிக்குள் நம்பகமான கருவி.

வெப்பம் புகாத தொட்டியில் தண்ணீரை விடாமல் கலக்கிக்கொண்டே, சான்று பெற்ற பிளாட்டின வெப்பமானியோடு எல்லா உணரிகளையும் வைத்து ஒப்பிடுங்கள். மேலடுக்கு உணரிகளுக்கு 4 முதல் 25 டிகிரிவரை ஆறேழு புள்ளிகள். ஆழ்நீர் உணரிகளுக்கு 4க்கும் 8க்கும் இடையிலேயே அத்தனை புள்ளிகளும். ஒவ்வொரு புள்ளியிலும் அரைமணி நேரமாவது நிலைக்க விடுங்கள். தொட்டி வசதி இல்லாவிட்டால் காய்ச்சி வடித்த நீரின் பனிக்கட்டியை நொறுக்கி, இடுக்குகளில் அதே நீரை நிரப்பிச் சுழியப் புள்ளியையாவது பாருங்கள். குழாய்த் தண்ணீர்ப் பனிக்கட்டியில் உப்பிருக்கும், புள்ளி நகரும்.

ஏரியே இலவசமாகத் தரும் சோதனை ஒன்றுண்டு. ஜனவரியில் பலத்த காற்றடித்த இரவுக்குப் பின் மேலுள்ள 50 மீட்டர் நன்றாகக் கலந்திருக்கும். அப்போது அந்த அடுக்கிலுள்ள உணரிகள் எல்லாம் ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் நிலையாக விலகி நின்றால் பிழை அதில்தான். ஆழ்நீரில் இந்தச் சோதனையைச் செய்யும்போது ஓர் எச்சரிக்கை. முழுக்கக் கலந்த தண்ணீரிலும் அழுத்தத்தால் அடி சற்றுக் கூடுதல் வெப்பமாகவே இருக்கும், 300 மீட்டருக்கு ஆயிரத்தில் சில பங்கு டிகிரி. அதைக் கருவிப் பிழையென்று திருத்திவிடக் கூடாது.

ஆக்சிஜன் உணரி இல்லாமல் முடியாது

சரத்தில் குறைந்தது மூன்று ஒளிவகை ஆக்சிஜன் உணரிகள் வேண்டும், 100, 200 மீட்டரிலும் அடியிலும். 5.5 டிகிரியில், ஏரியின் 372 மீட்டர் உயரத்தில், காற்றோடு சமநிலையிலுள்ள தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 12 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்திருக்கும். அடியில் 3 அல்லது 4 காட்டும் உணரி சில நாட்களில் 7, 8க்கு ஏறினால் மேல்தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த உணரியின் முனையில் உள்ள சாயப் படலம் அலமாரியில் சும்மா இருக்கும்போதே விலகும். இறக்குமுன் சரிபார்த்து, ஏரியில் இருக்கும்போது மாதம் ஒருமுறை பக்கத்தில் நீர்மாதிரி எடுத்து, கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருள் சேர்த்து அளக்கும் விங்க்ளர் முறையில் ஒப்பிடுங்கள். மாதிரிப் புட்டியில் ரப்பர் குழாயை அடிவரை விட்டு, புட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீர் வழியவிட்டு நிரப்ப வேண்டும். ஒரு குமிழி மாட்டினாலும் ஆக்சிஜன் குறைவான ஆழ்நீரில் எண் பொய்யாக ஏறும். 2015இல் ஜெனீவா ஏரியில் முதலில் காணப்பட்ட குவாகா சிப்பி இப்போது கயிறு, உறை, உணரி என்று எதிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் உணரிமீது உட்கார்ந்தால் அது அளப்பது சிப்பியின் மூச்சை.

தரவு ஏமாற்றும் இடங்கள்

பிப்ரவரியில் ஒருநாள் 20 மீட்டரிலிருந்து 150 மீட்டர்வரை எல்லா உணரியும் ஒரே எண் காட்டுகிறது. இரண்டு நாள் கழித்துப் பழையபடி அடுக்கு தெரிகிறது. கலந்த தண்ணீர் மறுபடி பிரியாது. எனவே நடந்தது உள்ளலை, அடுக்கு சாய்ந்து உங்கள் சரத்தைத் தாண்டிக் கீழே போய்த் திரும்பியிருக்கிறது. ஒரே ஒரு சரம் மட்டும் இருந்தால் இதைப் பிரித்தறிய அடுத்த உள்ளலை முடியும்வரை, குறைந்தது ஒரு வாரம், காத்திருக்க வேண்டும். எதிர்க்கரையில் இன்னொரு சரம் இருந்தால் அன்றே தெரியும், இங்கே தாழும்போது அங்கே எழும்.

அடி உணரி மட்டும் 0.05 டிகிரி விழுகிறது, 200 மீட்டரில் மாற்றமே இல்லை, அடியில் ஆக்சிஜன் ஏறுகிறது. இது மேலிருந்து கலந்து வந்ததல்ல, கரைச்சரிவு வழியாக வந்த குளிர்நீர். தரைக்கருகே உணரிகளை நெருக்கமாகக் கட்டியிருந்தால் முதலில் 1 மீட்டரிலும், பிறகு 5, 10 மீட்டரிலும் மாற்றம் ஏறிவருவது தெரியும். முழுக் கலப்பு வராத ஆண்டுகளிலும் அடித்தண்ணீருக்குச் சிறிது ஆக்சிஜன் கிடைப்பது இப்படித்தான். 'அடி குளிர்ந்தது, ஏரி கலந்துவிட்டது' என்று அவசரமாக அறிவிப்பவர்கள் விழும் குழியும் இதுவே.

கலந்த அடுக்கின் ஆழத்தைக் கணினியிடம் கேட்கும்போது ஒரு வரம்பு கொடுக்க வேண்டும். மேற்பரப்பிலிருந்து 0.1 டிகிரி மாறும் ஆழம் என்று பலர் கொடுப்பார்கள். கோடைக்கு அது சரி. பிப்ரவரியில் 100 மீட்டருக்குக் கீழே மொத்த வித்தியாசமே 0.2 டிகிரி என்றால், அந்த வரம்பு கலக்காத பாதி ஏரியைக் கலந்ததாகக் காட்டிவிடும். குளிர்காலத்துக்கு 0.02 டிகிரி என்று இறுக்குங்கள், அல்லது வெப்பத்தை விட்டுவிட்டு உப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட அடர்த்தியில் வரம்பு வையுங்கள். நண்பகல் பதிவுகளையும் ஒதுக்குங்கள். வெயிலில் மேலே ஒரு மீட்டர் சூடாவது அன்றைய மாயை, விடியற்காலைப் பதிவுதான் உண்மை நிலவரம்.

படிப்படியாக, ஒரே சீராக ஏறும் கோடு அழகாக இருந்தால் அதையும் நம்பாதீர்கள். ஓர் உணரி மாதத்துக்கு 0.002 டிகிரி விலகினால், ஆண்டு முடிவில் ரம்பப் பல்லின் ஏறுமுகம்போலவே தெரியும். பக்கத்து உணரி அதே அளவு ஏறியிருக்கிறதா, மாதாந்திர சி.டி.டி. அதே ஆழத்தில் என்ன சொல்கிறது என்று பார்த்தால்தான் பிரியும்.

சரத்தை எடுக்க ஏற்ற காலம் மே மாதம். மார்ச்சில் கலப்பின் உச்சம் முடிந்திருக்கும், மேலே மூடி மறுபடி விழுந்திருக்கும், அடுத்த குளிர்காலத்துக்குள் தொட்டியில் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்து இறக்க அவகாசம் இருக்கும். படகில் ஏற்றியதும் சிப்பியைச் சுரண்டும் முன் ஒவ்வோர் உணரியையும் புகைப்படம் எடுங்கள், பிறகு பனிக்கட்டி வாளி, பிறகு கடிகார விலகல், அதன் பிறகே தரவிறக்கம். உறையைத் திறக்கும்போது அதன் வாய் முகத்தைப் பார்த்து இருக்க வேண்டாம். நீர் கசிந்து உள்ளே அழுத்தம் தேங்கியிருந்தால் மூடி தோட்டாபோல் பறக்கும்.